அவர் வாயிலிருந்தே வர வேண்டிய காரணம்

ஒரு மசோதாவுக்கு ஆதரவு கேட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைச் சந்திக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் தயாராகிறார்கள். புள்ளிவிவரங்களைத் திரட்டி ஒரு பக்கத் தாளில் அச்சடிக்கிறார்கள். யார் முதலில் பேசுவது, பாதிக்கப்பட்ட குடும்பத்தின் அனுபவத்தை யார் சொல்வது என்று பிரித்துக்கொள்கிறார்கள். உள்ளே போனதும், கிடைத்த கால் மணி நேரத்தின் பெரும்பகுதியைத் தாங்களே பேசித் தீர்த்துவிடுகிறார்கள். உறுப்பினர் பொறுமையாகத் தலையசைக்கிறார். "முக்கியமான விஷயம், அவசியம் கவனிக்கிறேன்" என்கிறார். அதற்குள் அடுத்த குழு வாசலில் வந்து நிற்கிறது. அவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார், எதை நினைத்துத் தயங்குகிறார், இந்த விஷயத்தில் யாருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று வெளியே வந்தவர்களிடம் கேட்டால், ஒன்றுக்கும் அவர்களிடம் விடை இருப்பதில்லை.

போதை மறுவாழ்வுத் துறையில் ஆலோசகராக இருந்து, பிறகு அதே துறைக்கான சட்டங்களுக்காகப் பேசும் வேலைக்கு வந்தவன் நான். ஆலோசனை அறையில் அன்றாடம் பயன்படுத்திய 'ஊக்கமூட்டும் நேர்காணல்' என்னும் உரையாடல் முறை, அதாவது மாறுவதற்கான காரணங்களை எதிரில் இருப்பவரே சொல்ல இடம் கொடுக்கும் முறை, மக்கள் பிரதிநிதிகளின் அறையிலும் பயன்படும் என்று உறுதியாக நம்புகிறேன். எப்படிப் பயன்படும் என்பதோடு, எந்த இடத்தில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுத விரும்புகிறேன். இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் சொல்லிக்கொடுத்தால், அது வெறும் பேச்சுச் சாமர்த்தியத்தைக் கற்றுக்கொடுப்பதாக முடிந்துவிடும்.

இந்த முறை குடிநோயாளிகளுடனான வேலையிலிருந்து பிறந்தது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1980களின் தொடக்கத்தில் நார்வேயின் பெர்கன் நகரத்துக்கு அருகில் அங்கிருந்த உளவியலாளர்களோடு பணியாற்றியபோது, அவர்கள் நோயாளிகளைப் போல நடித்துக்காட்டி, அவருடைய பதில்களை இடையிடையே நிறுத்தி, இதை ஏன் கேட்டீர்கள், அதை ஏன் கேட்காமல் விட்டீர்கள் என்று துருவினார்கள். அந்தத் துருவலுக்குப் பதில் சொல்லப்போய்த்தான் தன் பேச்சுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பதை அவர் கண்டுகொண்டார். 1983இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். பின்னர் ஸ்டீபன் ரால்னிக்குடன் சேர்ந்து 1991இல் நூலாக விரித்தார். நோயாளியின் மறுப்பை உடைக்க வேண்டும், முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லி அவரை மடக்க வேண்டும் என்பது அன்றைய அமெரிக்கக் குடிநோய்ச் சிகிச்சையில் பரவலாக இருந்த நம்பிக்கை. மில்லரும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டியது: ஆலோசகர் எவ்வளவுக்கெவ்வளவு எதிர்த்து மடக்கினாரோ, அவ்வளவுக்கவ்வளவு அந்த நோயாளி ஓராண்டு கழித்தும் அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.

ஏன் அப்படி? ஒரு முடிவின் முன்னால் நிற்கிற மனிதர் பெரும்பாலும் இருமனமாக இருக்கிறார். மாற வேண்டும் என்பதற்கான காரணங்களும் மாற வேண்டாம் என்பதற்கான காரணங்களும் அவருக்குள்ளேயே அருகருகே கிடக்கின்றன. எதிரில் இருப்பவர் முதல் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வாதிட்டால், மிச்சமிருக்கிற இரண்டாவது பக்கத்தைத்தான் அவர் எடுத்துக்கொண்டு பதில் சொல்வார். தன் சுதந்திரத்தின்மேல் கை வைக்கிறார்கள் என்று தோன்றும்போது மனிதர்கள் எதிர்த்திசையில் திமிறுவதை 1966இல் உளவியலாளர் ஜாக் பிரெம் விளக்கியிருக்கிறார். அதற்கு அடுத்த ஆண்டு உளவியலாளர் டேரில் பெம் இன்னொன்றை முன்வைத்தார்: நாம் என்ன நம்புகிறோம் என்பதை, நாம் பேசுவதையும் செய்வதையும் பார்த்தே நாமும் ஓரளவு தெரிந்துகொள்கிறோம். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அபாயம் விளங்கும். தன் தயக்கத்துக்கான வாதங்களை ஒருவர் கால் மணி நேரம் வாய்விட்டுச் சொல்ல நாம் வழிசெய்தால், அந்தத் தயக்கத்தை நாமே உறுதிப்படுத்திவிட்டு வருகிறோம்.

சட்டமன்ற உறுப்பினரைப் போல இருமனம் தொழிலாகவே அமைந்த மனிதர்கள் குறைவு. எந்த மசோதாவிலும் அவருக்குத் தன் மனச்சாட்சி ஒன்று சொல்லும், கட்சித் தலைமை ஒன்று சொல்லும், தொகுதியில் ஒரு பகுதி ஒன்று சொல்லும், இன்னொரு பகுதி வேறொன்று சொல்லும். ஒரு விஷயத்தில் அவர் பிடிகொடுக்காமல் பேசுவதைக் கேட்டதும், அக்கறை இல்லை, அல்லது விலைபோய்விட்டார் என்று முடிவுகட்டிவிடுகிறோம். நான் பார்த்தவரை, பிடிகொடுக்காத பேச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது தீராத ஒரு கணக்குதான். அந்தக் கணக்கை அவர் நம் முன்னால் போட்டுப் பார்க்கும்படி செய்ய முடிந்தால், அந்தச் சந்திப்புக்கு அர்த்தம் உண்டு.

இதைவிட முக்கியமான ஒரு காரணமும் இருக்கிறது. ஆலோசனை அறைக்கு வருகிறவர் தன் முடிவைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். மக்கள் பிரதிநிதிக்கு அந்த வசதி கிடையாது. நம் அறையை விட்டு வெளியேறியதும் அதே காரணத்தை அவர் கட்சிக் கூட்டத்தில் சொல்ல வேண்டும், நிலைக்குழுவில் சொல்ல வேண்டும், நிருபரிடம் சொல்ல வேண்டும், கோபமாக வந்து நிற்கிற தொகுதிக்காரரிடமும் சொல்ல வேண்டும். நாம் கொடுத்த தாளிலிருந்து இரவல் வாங்கிய காரணம் முதல் குறுக்குக் கேள்விக்கே தாங்காது. அவர் தன் வாழ்க்கையிலிருந்தும் தன் தொகுதியிலிருந்தும் எடுத்த காரணம் தாங்கும். அதனால்தான், அவரை ஒப்புக்கொள்ள வைப்பதைவிட, ஒப்புக்கொள்வதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வர இடம் கொடுப்பது முக்கியம் என்கிறேன்.

ஓர் உரையாடலைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். தனியார் போதை மறுவாழ்வு மையங்கள் அனைத்துக்கும் உரிமம் கட்டாயம் என்று ஒரு மசோதா. நாங்கள் அதை ஆதரிக்கிறோம். உறுப்பினர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. இது ஒரே ஒரு சந்திப்பின் பதிவு கிடையாது. இத்தகைய சந்திப்புகளில் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை ஒன்றாக்கி எழுதியிருக்கிறேன்.

"உரிமம் என்று வந்தால் சின்னச் சின்ன மையங்கள் எல்லாம் மூடிவிடும். அப்புறம் அந்தக் குடும்பங்கள் எங்கே போகும்?" என்று அவர் தொடங்குகிறார்.

இந்த இடத்தில் வாய் துறுதுறுக்கும். "இல்லை ஐயா, அப்படி ஆகாது, எங்களிடம் தரவு இருக்கிறது" என்று சொல்லத் தோன்றும். எதிரில் இருப்பவரின் கருத்தை உடனே நேர்செய்துவிட வேண்டும் என்கிற இந்த உந்துதல்தான் இந்த முறையைப் பயில்கிறவர்கள் முதலில் அடக்கக் கற்றுக்கொள்வது. அதற்குப் பதிலாக, "இப்போது இருக்கிற இடமும் இல்லாமல் போய்விடக் கூடாது என்பது உங்கள் கவலை" என்று மட்டும் சொல்கிறோம்.

"ஆமாம். அரசு மையத்தில் இடம் கிடைக்காமல் என்னிடம் வந்து நிற்கிறார்கள். இந்தச் சின்ன மையங்களை நடத்துகிறவர்களில் பலர் தாங்களே குடியிலிருந்து மீண்டவர்கள். அவர்களைப் போய்க் குற்றவாளிபோல நடத்த முடியுமா?"

"அவர்களுடைய சேவையை நீங்கள் மதிக்கிறீர்கள். உதவி தேடுகிற குடும்பங்களும் நேராக உங்களிடம்தான் வருகின்றன."

சிறிது நேரம் அவர் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. பிறகு அவரே தொடர்கிறார்: "வருகிறார்கள். வேறு மாதிரியும் வந்திருக்கிறார்கள். பையனைச் சேர்த்தோம், பார்க்கவே விடவில்லை, வீட்டுக்கு வந்தபோது மணிக்கட்டில் கட்டிப்போட்ட தழும்பு இருந்தது என்று ஒரு அம்மா வந்து அழுதார்."

இதுதான் அந்தச் சந்திப்பின் திருப்பம். இங்கே பாய்ந்து, "அதனால்தான் ஐயா இந்தச் சட்டம் வேண்டும்" என்று சொன்னால், அவர் மறுபடியும் சின்ன மையங்களின் பக்கம் போய் நின்றுகொள்வார். "அந்த அம்மாவிடம் உங்களால் என்ன சொல்ல முடிந்தது, ஐயா?" என்று கேட்கிறோம்.

"என்ன சொல்வது? யாரிடம் புகார் கொடுக்கச் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. ஏதோ ஒரு கட்டுப்பாடு இருந்துதான் ஆக வேண்டும்."

"நல்ல மனத்தோடு நடத்துகிற மையங்கள் மூடப்பட்டுவிடக் கூடாது, அதே நேரத்தில் அந்த அம்மாவைப் போன்றவர்களுக்குப் போய் நிற்க ஓர் இடம் வேண்டும். இரண்டுமே உங்களுக்கு முக்கியம். இரண்டும் நிற்க வேண்டுமானால் இந்த மசோதாவில் எதை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?"

"சின்ன மையங்களுக்குக் கட்டடம், ஆட்கள் பற்றிய விதிகளில் கொஞ்ச காலம் அவகாசம் கொடுக்கலாம். கட்டிவைக்கக் கூடாது, குடும்பத்தார் பார்க்க விட வேண்டும் என்பது முதல் நாளிலிருந்தே வரட்டும்."

கவனித்துப் பாருங்கள். மசோதாவை எதிர்க்கக்கூடியவராகத் தோன்றிய ஒருவர் அதற்குள்ளேயே ஒரு திருத்தத்தின் சொந்தக்காரர் ஆகிவிட்டார். அந்தத் திருத்தம் எங்கள் தாளில் இல்லை. எங்கள் வரைவைவிட அது நியாயமானது என்பதையும் சொல்ல வேண்டும். கால அவகாசம் இல்லாத சட்டத்தால் நல்ல மையங்களும் மூடப்பட்டு, நோயாளிகள் தெருவுக்கு வந்துவிடக்கூடும் என்பதை அவர் தன் வாசலில் வந்து நிற்கிறவர்களைக் கொண்டு அறிந்திருந்தார். கேட்பதால் கிடைக்கிற பலன் ஆதரவு மட்டும் கிடையாது. நம் கோரிக்கையே திருந்துகிறது. கோரிக்கையை ஒரு எழுத்துகூட மாற்றத் தயாரில்லாமல் போகிறவர்கள் இந்த முறையைக் கையில் எடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

இந்த உரையாடலில் நாங்கள் பேசியவற்றில் பாதிக்கு மேல் கேள்வியே கிடையாது. அவர் சொன்னதன் உட்பொருளை வேறு சொற்களில் அவரிடமே திருப்பி வைத்த வாக்கியங்கள். கேள்வி கேட்டுப் பழகியவர்களுக்கு இது சிரமமாக இருக்கும். "உங்களுக்குக் கவலையாக இருக்கிறதா?" என்று கேட்டால், அரசியலில் இருப்பவர் உடனே எச்சரிக்கையாகி, "கவலை என்றில்லை" என்பார். "இது உங்களைக் கவலைப்படுத்துகிறது" என்று குரலைத் தாழ்த்தி முடித்தால், அவர் அதை ஏற்கலாம், திருத்தலாம், விரிக்கலாம். எதைச் செய்தாலும் நமக்கு அவரைப் பற்றிக் கூடுதலாக ஒன்று தெரிகிறது. நாள் முழுவதும் கேள்விக்கணைகளுக்கு மழுப்பலாகப் பதில் சொல்லியே பழகிய ஒருவருக்கு, தான் சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதைக் கேட்பதே அரிது.

இருமனத்தைத் தொகுத்துச் சொல்லும்போது எந்தப் பக்கத்தில் முடிக்கிறோம் என்பதும் முக்கியம். கடைசியாகக் கேட்டதைப் பற்றித்தான் மனிதர்கள் தொடர்ந்து பேசுவார்கள். தயக்கத்தை முதலில் முழுமையாக, குறைக்காமல் சொல்லிவிட்டு, மாற்றத்தின் பக்கத்தில் வந்து நிறுத்த வேண்டும். தயக்கத்தை அரைகுறையாகச் சொல்லிவிட்டுத் தாவினால், அந்தத் தாவலை ஓர் அரசியல்வாதி நம்மைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுவார். அது அவருடைய தொழிலே.

தரவுகளை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவற்றுக்கு இடம் உண்டு, வரிசைதான் வேறு. முதலில் அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பது. பிறகு அனுமதி கேட்டு ஒன்றிரண்டு தகவல்களை மட்டும் வைப்பது. அதன்பின் அதை அவர் எப்படிப் பார்க்கிறார் என்று கேட்பது. "உங்கள் தொகுதி மக்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்பதில் தொடங்கினால் பெரும்பாலும் நல்ல பலன் உண்டு. அமெரிக்காவில் அரசியல் ஆய்வாளர்களான டேவிட் புரூக்மனும் கிறிஸ்டோபர் ஸ்கோவ்ரனும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மாநிலச் சட்டமன்ற அரசியல்வாதிகள் தங்கள் தொகுதி மக்களின் கருத்தைப் பல விஷயங்களில் தவறாக எடைபோட்டிருந்தார்கள். மக்கள் உண்மையில் இருப்பதைவிடப் பழமைவாதிகளாக இருப்பதாக இரண்டு கட்சிக்காரர்களுமே நினைத்திருந்தார்கள். தொகுதியோடு அன்றாடம் பழகுகிறவருக்கும் தொகுதியைப் பற்றிய தவறான படம் இருக்க முடியும். அந்தப் படத்தை வெறுமனே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தால் நாம் அதற்கு முத்திரை குத்துகிறோம். "இதைப் பற்றி எங்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு இருக்கிறது, காட்டலாமா?" என்று கேட்டுவிட்டு, காட்டிவிட்டு, விளக்கவுரை எதுவும் சேர்க்காமல் அவர் படித்து முடிக்கும்வரை காத்திருப்பது நல்லது. எண்ணுக்கான பொருளை அவரே சொல்லட்டும்.

அளவுகோல் கேள்வியும் இங்கே உதவும், ஆனால் ஆலோசனை அறையில் கேட்பதைப் போல அப்படியே கேட்க முடியாது. மாற்றம் எவ்வளவு முக்கியம் என்று 0 முதல் 10 வரை நோயாளியிடம் மதிப்பிடச் சொல்லி, அவர் 4 என்றால், "ஏன் 1 என்று சொல்லவில்லை?" என்று கேட்பது வழக்கம். அதற்கு விடையாக அவர் மாற்றத்துக்கான காரணங்களைச் சொல்லத் தொடங்குவார், "ஏன் 9 இல்லை?" என்று கேட்டால் மாறாமல் இருப்பதற்கான காரணங்கள் வரும். ஓர் உறுப்பினரிடம் எண் கேட்டால் பள்ளிக்கூடத் தேர்வுபோல ஆகிவிடும். "இந்தக் கூட்டத்தொடரில் உங்கள் முன்னால் வந்திருக்கிற விஷயங்களில் இது எங்கே நிற்கிறது, ஐயா?" என்று கேட்கலாம். "நடுவில் எங்கோ" என்று அவர் சொன்னால், "அடியில் இல்லாமல் நடுவில் இருப்பதற்கு என்ன காரணம்?" என்பது அடுத்த கேள்வி. அமைப்பு அதேதான்.

இனி, இந்த முறையை அரசியலுக்குக் கொண்டுவரும்போது மிகவும் கவனமாக இருக்க வேண்டிய ஒன்று. அரசியல்வாதிகள் இனிமையாகப் பேசக் கற்றவர்கள். "எனக்கும் இதில் விருப்பம்தான்", "கட்டாயம் ஏதாவது செய்ய வேண்டும்" என்பவை அவர்கள் எந்தச் செலவும் இல்லாமல் கொடுக்கக்கூடிய வாக்கியங்கள். மொழி உளவியலாளர் பால் ஆம்ரைனும் சகாக்களும் 2003இல், போதைப்பொருள் பயன்படுத்துவோரிடம் நடத்தப்பட்ட நேர்காணல்களை வாக்கியம் வாக்கியமாக ஆராய்ந்தார்கள். விருப்பம், இயலுமை, காரணம், தேவை ஆகியவற்றைச் சொல்லும் பேச்சு பின்னாளைய மாற்றத்தை நேராக முன்னறிவிக்கவில்லை. அது "செய்வேன்" என்கிற உறுதிப்பாட்டுப் பேச்சுக்கு வழிவகுத்தது, அந்த உறுதிப்பாட்டின் வலிமைதான், குறிப்பாக நேர்காணலின் இறுதிப் பகுதியில் அது எப்படி இருந்தது என்பதுதான், மாற்றத்தை முன்னறிவித்தது. சட்டமன்ற உறுப்பினரின் அறைக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் எதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பதற்கு இது நல்ல வழிகாட்டி. "வேண்டும்" என்பதைக் கேட்டதும் மகிழ்ந்து எழுந்துவிடாமல், "அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கிறீர்கள்?" என்று கேட்டால்தான் சந்திப்பு முடிகிறது. "நிலைக்குழுத் தலைவரிடம் அடுத்த வாரம் பேசுகிறேன்" என்பது ஒரு பதில். "பார்க்கலாம்" என்பதும் ஒரு பதில்தான். அவர் இன்னும் தயாராகவில்லை என்பதை அது நேர்மையாகச் சொல்கிறது. அந்த நேரத்தில் நெருக்கினால் வெறும் வாய்வார்த்தையாக ஒரு வாக்குறுதி கிடைக்கும், அவ்வளவுதான்.

உறுதிப்பாட்டைக் கேட்கும்போது அவருடைய கைக்கு எட்டுவதைக் கேட்க வேண்டும். சில நாடுகளில் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே பறிபோகும். வேறு சில இடங்களில் அடுத்த தேர்தலில் வேட்பாளராக நிற்கும் வாய்ப்பு போகும். அப்படிப்பட்டவரிடம் வாக்கை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால், அவர் முடியாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, முடியாது என்பதிலேயே உறைந்துவிடுவார். அமைச்சருக்கு ஒரு கடிதம், அவையில் ஒரு கேள்வி, கட்சிக் கூட்டத்தில் ஒரு பேச்சு, குழுவில் ஒரு திருத்தம், இவற்றில் எதற்கு அவருக்கு இடமிருக்கிறது என்று அவரிடமே கேட்கலாம். தன் கட்சிக்குள் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

இப்போது, எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதற்கு வருகிறேன். ஊக்கமூட்டும் நேர்காணல் எதிரில் இருப்பவருடைய நலனுக்காக உருவாக்கப்பட்டது. குடியை விடுவதால் பலன் பெறுகிறவர் குடிப்பவர். அந்த அறையில் ஆலோசகருக்குச் சொந்த லாபம் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு குறிப்பிட்ட முடிவு வருவதில் ஆலோசகருக்கோ அவருடைய நிறுவனத்துக்கோ எவ்வளவு அக்கறை கூடுகிறதோ, அந்த அளவுக்கு அந்த முடிவை நோக்கி ஒருவரின் பேச்சைத் திட்டமிட்டு வரவழைப்பது தகாததாகிறது என்று மில்லரும் ரால்னிக்குமே எச்சரித்திருக்கிறார்கள். சட்டத்துக்கு ஆதரவு கேட்டுப் போகிறவர் முழுக்க முழுக்க ஒரு முடிவை விரும்பித்தான் போகிறார். இந்த முரணை மூடி மறைத்துவிட்டு, "நாங்கள் கேட்கத்தான் வந்தோம்" என்று அமர்வது ஏமாற்று. அதை நான் எந்தக் காரியத்துக்காகவும் ஏற்க மாட்டேன். எவ்வளவு நல்ல காரியமாக இருந்தாலும் சரி.

ஆகவே, நாங்கள் யார், எந்த மசோதாவை ஆதரிக்கிறோம், யாருடைய பணத்தில் இயங்குகிறோம் என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறோம். "நாங்கள் இதை ஆதரிக்கிறோம். நீங்கள் எதை எடைபோட்டுப் பார்க்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ள வந்திருக்கிறோம். முடிவு உங்களுடையது" என்று தொடங்குவதால் எதுவும் கெடுவதில்லை. மசோதாவுக்கு எதிரான வலுவான காரணம் ஒன்று நமக்குத் தெரிந்திருந்து அவர் அதைக் கேட்டால், மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும். அந்தரங்கமாக அவர் சொன்ன ஒன்றை, அந்தத் தழும்பைப் பற்றிய பேச்சைப் போன்ற ஒன்றை, அவருடைய அனுமதி இல்லாமல் மேடையிலோ செய்தியிலோ எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. மனிதர்கள் தங்கள் தயக்கத்தை வெளியே சொல்வது நம்பிக்கையின் பேரில். அந்த நம்பிக்கையை ஒரு முறை விற்றால், அந்த அறையில் நம் பேச்சு மட்டுமின்றி, நமக்குப் பிறகு வருகிறவர்களின் பேச்சும் எடுபடாது.

நமக்கும் ஆலோசகருக்கும் உள்ள வேறு ஒரு வேறுபாடு நமக்குச் சாதகமானது. மக்கள் பிரதிநிதி யாருடைய நோயாளியும் கிடையாது. அதிகாரம் அவர் பக்கம் இருக்கிறது, தன்னிடம் வருகிறவர்கள் எதையோ வேண்டித்தான் வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும், கூடவே ஆராய்ந்து சொல்ல உதவியாளர்கள் இருக்கிறார்கள். நம் நிலைப்பாடு வெளிப்படையாக இருக்கும்வரை, அவரைத் தன் காரணங்களைத் தேடச் சொல்வது, வாதத்தால் மடக்குவதைவிடவும் கதையால் அழவைப்பதைவிடவும் கூடுதலாக அவரை மதிப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

எல்லாரிடமும் இது வேண்டியதில்லை. ஏற்கெனவே முடிவெடுத்து ஆதரிக்கிறவரிடம் போய் இருமனத்தைத் துழாவிக்கொண்டிருப்பது அவருடைய நேரத்தை வீணடிப்பது. அவரிடம் நேராகத் திட்டத்துக்குப் போக வேண்டும். கொள்கையளவில் உறுதியாக எதிர்க்கிறவரிடம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, கதவைத் திறந்துவைத்துவிட்டுத் திரும்பலாம். முறைகேட்டுக்கும் அதிகார மீறலுக்கும் பதில் கேட்க வேண்டிய இடத்தில் இந்த முறைக்கு வேலையே இல்லை. அங்கே நேரடியான கேள்வியும் பொதுவெளியும் நீதிமன்றமும்தான் வழி. வீதியில் நடக்கும் போராட்டத்துக்கு இது மாற்று என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். தெருவில் எழுகிற குரலால்தான் பல விஷயங்கள் அந்த அறைக்குள் பேசுபொருளாகவே ஆகின்றன.

கதவு கதவாகச் சென்று வாக்காளர்களிடம் பேசுகிறவர்களிடமும் இதற்கு நெருக்கமான ஒரு முறை வளர்ந்திருக்கிறது. புரூக்மனும் ஜோஷுவா காலாவும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் மயாமி பகுதியில் திருநர்கள் குறித்த வெறுப்பைப் பற்றியது. சுமார் 10 நிமிடம், தீர்ப்புச் சொல்லாமல், வாக்காளரைத் தன் சொந்த அனுபவத்திலிருந்தே யோசிக்கச் செய்த உரையாடல், குறைந்தது மூன்று மாதமாவது நிலைக்கிற மாற்றத்தை உண்டாக்கியது. 10 நிமிடம் என்பதைக் கவனிக்க வேண்டும். உறுப்பினரிடம் கிடைப்பது அதைவிட அதிகமாக இருக்காது என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்களுக்குத் தேவையான நேரம் ஏற்கெனவே கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

குழுவாகப் போகிறவர்கள் செய்ய வேண்டிய நடைமுறை ஏற்பாடு ஒன்றுண்டு. ஒருவர் உரையாடலை நடத்தட்டும்; ஒருவர் எதுவும் பேசாமல், உறுப்பினர் சொன்ன சொற்களை அவர் சொன்னபடியே குறித்துக்கொள்ளட்டும். மூன்றாமவர் தன் அனுபவத்தைச் சொல்ல வந்தவர் என்றால், உறுப்பினர் கேட்கும்போது சொன்னால் போதும். இதற்கு வீட்டிலேயே ஒத்திகை பார்க்க வேண்டும்; அதில் பேசுவதைப் பயில்வதைவிட, ஒரு பதிலுக்குப் பிறகு மூன்று நொடி வாயைத் திறக்காமல் இருப்பதைப் பயில்வதுதான் கடினம். உடன் அமர்ந்திருக்கும் உதவியாளரை ஒப்புக்குச் சப்பாணியாக நினைத்துவிடக் கூடாது. மசோதாவின் விதிகளைப் பெரும்பாலும் அவர்தான் படிக்கிறார், குறிப்பு அவர்தான் எழுதுகிறார். உறுப்பினருக்கு இருக்கும் தயக்கம் அவருக்கும் இருக்கலாம், அல்லது வேறொரு தயக்கம் இருக்கலாம். அவரிடம் தனியாக அரை மணி நேரம் கேட்பதற்கு வாய்ப்புக் கிடைத்தால் விடக் கூடாது.

சந்திப்புக்குப் பிறகு அனுப்பும் நன்றிக் கடிதத்தில் நம் கோரிக்கைகளை மறுபடியும் பட்டியலிடுவது வழக்கமாக இருக்கிறது. அந்த இடத்தை அவர் சொன்னதற்குக் கொடுத்துவிடுங்கள். "சின்ன மையங்களுக்குக் கால அவகாசம் வேண்டும் என்றும், கட்டிவைப்பதைத் தடுக்கும் விதியும் குடும்பத்தார் பார்க்கும் உரிமையும் முதல் நாளிலிருந்தே வர வேண்டும் என்றும் கூறினீர்கள். எங்கள் வரைவில் அவகாசத்துக்கான பிரிவு இல்லை. அதைச் சேர்த்து இத்துடன் அனுப்புகிறோம். நிலைக்குழுத் தலைவரிடம் பேசுவதாகச் சொன்னீர்கள். அவர் என்ன சொன்னார் என்பதை அறிய வரும் வெள்ளிக்கிழமை உங்கள் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளலாமா? நாங்கள் ஏதாவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள்" என்று எழுதலாம். அதன் நகல் உதவியாளருக்கும் போக வேண்டும். வெள்ளிக்கிழமை தொலைபேசியில் அழைக்கும்போது, அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பேச்சு எப்படிப் போனது என்பதே.